கோர்லீ: ஓர் ஐரிஷ் டவுன்லேண்டின் சதுப்பும் அதற்குள் கிடந்த பாதையும்

லாங்ஃபோர்டு மீனா (மே 12)

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் நடுப்பகுதியில், லாங்ஃபோர்டு மாவட்டத்தில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராக வேலை செய்கிறேன். விடுமுறை நாள்களில் நான் நடக்கப் போகும் ஓர் இடத்தைப் பற்றி இங்கே எழுத நினைக்கிறேன். அதைப் பற்றி எனக்குள் ஒரு கேள்வியும் இருக்கிறது.

இடத்தின் பெயர் கோர்லீ. கீனா என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டவுன்லேண்ட். டவுன்லேண்ட் என்றால் நகரம் இல்லை, கிராமம்கூட இல்லை. பெயர் வைத்து எல்லை பிரித்த நிலத்துண்டுதான் அது. அயர்லாந்துத் தீவில் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் இருக்கின்றன. சில நான்கைந்து வயல்கள் அளவே இருக்கும், சில ஆயிரக்கணக்கான ஏக்கர் விரியும். நாட்டுப்புறத்தில் பல வீடுகளுக்கு இன்றும் கதவு எண்ணோ தெருப்பெயரோ கிடையாது, டவுன்லேண்ட் பெயர்தான் முகவரி. 2015-இல் வீட்டுக்கு ஒரு குறியீடு வரும் வரை, ஒரே டவுன்லேண்டில் ஒரே குடும்பப் பெயரோடு மூன்று வீடுகள் இருந்தால், தபால்காரருக்கு ஆளைத் தெரிந்திருந்தால்தான் கடிதம் சரியாகப் போய்ச் சேரும்.

கோர்லீயில் மலையும் இல்லை, கடலும் இல்லை. சுற்றுலாப் படங்களில் வரும் அயர்லாந்து இதுவல்ல. வானம் தாழ்ந்து கிடக்கும், நிலம் தட்டையாக, பழுப்பாக, ஈரமாக விரிந்திருக்கும். ஓரத்தில் வெள்ளைத் தண்டுள்ள பர்ச் மரங்கள். இப்போது மே மாதம், சதுப்புப் பருத்தி பூத்திருக்கிறது. பெயரில்தான் பருத்தி, உண்மையில் கோரையின் உறவு. பஞ்சு வைத்ததுபோல ஆயிரக்கணக்கான வெள்ளைக் குச்சங்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. முதன்முறை பார்த்தபோது அங்கேயே நின்றுவிட்டேன்.

இந்தச் சதுப்புக்குள் பழைய மரப்பாதை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஊரில் அதை டேனியர் பாதை என்கிறார்கள், டேனியர் என்னும் வைக்கிங் கடலோடிகள் போட்டதாம். அதில் 18 மீட்டர் நீளத்தை ஒரு கட்டடத்துக்குள் வைத்துக் காட்டுகிறார்கள்.

என் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது ஆண்டுகள் இந்தச் சதுப்புகளில் பீட் எடுக்கும் எந்திரம் ஓட்டியவர். பீட் என்றால் சதுப்பில் முழுதாக மக்காமல் படிந்த செடிப்பொருள், உலர்த்தி எரிப்பார்கள். "நாங்கள் சுரண்டி எடுத்த நிலத்தை இப்போது இயற்கைப் பாரம்பரியம் என்கிறார்கள். அப்படியானால் நாங்கள் யார்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

திணைமொழி (மே 12)

மீனா, அருமையான தொடக்கம். ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதைக்கும் டேனியர்களுக்கும் சம்பந்தம் இல்லை. வைக்கிங்குகள் அயர்லாந்துக் கரையைத் தாக்கத் தொடங்கியது கி.பி. 795-இல். கோர்லீ பாதையின் ஓக் மரங்கள் வெட்டப்பட்டது கி.மு. 148-இல். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் இருக்கின்றன.

இவ்வளவு துல்லியமாக ஆண்டைச் சொல்ல முடிவதற்குக் காரணம் மரத்தின் வளையங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாகும், கெட்ட ஆண்டில் ஒடுங்கும். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரிஷ் ஓக் மரங்களின் வளைய வரிசையை 7,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கித் தொடுத்து வைத்திருக்கிறார்கள். கோர்லீப் பலகையின் வளையங்கள் அந்த வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் பொருந்தின.

பெயரையும் பாருங்கள். ஐரிஷில் 'கோர் லீஆ'. 'லீஆ' என்றால் சாம்பல் நிறம். 'கோர்' என்றால் உருண்டையான மேடு, அதே ஒலியில் கொக்கையும் குறிக்கும். இடப்பெயர்களில் மேடு என்ற பொருளே பெரும்பாலும் பொருந்தும் என்பதால் 'சாம்பல் மேடு' என்று கொள்கிறேன். அக்கம்பக்கத்துப் பெயர்கள் இன்னும் சுவையானவை. டெரகன், டெரியோகில் என்று 'டெர', 'டெரி'யில் தொடங்குபவை அங்கே பல. அது 'தொரெ' என்ற ஐரிஷ் சொல், ஓக் காடு என்று பொருள். சதுப்புக் கடலுக்கு நடுவே தீவுபோல உயர்ந்திருந்த திடல்களில் ஓக் காடுகள் நின்றன. காடு போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பெயரில் மட்டும் அந்த மரங்கள் நிற்கின்றன. அந்தக் காட்டு மரம்தான் சதுப்புக்குள் பாதையாகக் கிடந்தது.

லாங்ஃபோர்டு மீனா (மே 13)

நன்றி ஐயா. ஊரில் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன், திருத்தியது நல்லதாயிற்று. பெரியவரிடம் கி.மு. 148 என்று சொன்னேன். "தெரியும், ஆனால் என் பாட்டி டேனியர் பாதை என்றுதான் சொல்வாள்" என்றார்.

வண்டல் (மே 13)

நான் மண்ணியல் படித்தவன், அந்தச் சதுப்பு எப்படி உருவானது என்பதைச் சொல்கிறேன். அது தெரியாமல் மீனா அக்காவின் கேள்விக்குப் பதில் தேட முடியாது.

பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் விலகியபோது அயர்லாந்தின் நடுப்பகுதியில் ஆழமில்லாத ஏரிகள் தங்கின. அவற்றின் ஓரத்தில் நாணல் வளர்ந்து, மடிந்து, நீருக்குள்ளேயே படிந்தது. நீர் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு, ஆகவே செடி முழுதாக மக்குவதில்லை. ஏரி மெல்லத் தூர்ந்தது. பிறகு ஸ்பேக்னம் என்ற பாசி வந்தது. இந்தப் பாசி தன் எடையைப்போல இருபது மடங்கு நீரைப் பிடித்து வைக்கும், சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கும். புளித்த நீரில் மக்கும் வேலை இன்னும் மந்தமாகும். மேலே பாசி வளர, கீழே பழைய பாசி அழுந்திப் பீட் ஆகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நிலத்தடி நீரை எட்டாத உயரத்துக்கு அது குவிமாடம்போல எழும்பிவிடுகிறது, அதன் பிறகு மழைநீர் மட்டுமே அதற்கு உணவு. இதைத்தான் உயர்சதுப்பு என்கிறோம். மேற்குக் கரை மலைகளில் போர்வைபோலப் படியும் சதுப்பு வேறு வகை.

உலராத சதுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். நின்றால் கால் அடியில் நிலம் மெத்தைபோல ஆடும். ஓக் பலகை அடுக்கிய பாதை அங்கே எத்தனை நாள் தாங்கும்? தன் பாரத்தாலேயே மூழ்கியது. போட்ட சில ஆண்டுகளிலேயே பாசி மூடியிருக்க வேண்டும் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. மூழ்கியதால்தான் அது நமக்குக் கிடைத்தது. காற்றுப் பட்ட இடத்தில் கிடந்திருந்தால் நூறு ஆண்டுகூடத் தாங்கியிருக்காது.

கருங்குயில் (மே 14)

வண்டல் தம்பி விளக்கியது நன்று. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பாதையைக் கண்டுபிடித்தது ஆய்வாளர் அல்ல, பீட் எடுக்கும் எந்திரம்தான். 1984-இல் போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனம் பீட் எடுத்துக்கொண்டிருந்தபோது பலகைகள் வெளிப்பட்டன. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் பாரி ராஃப்டரி தலைமையில் 1991 வரை அகழாய்வு நடந்தது. அதில் இந்த ஒரு பாதை மட்டும் தெரியவரவில்லை. கற்காலம் முதல் பல காலங்களைச் சேர்ந்த சிறு பாதைகள் டஜன் கணக்கில் வெளிப்பட்டன. பெரும்பாலானவை சுள்ளியும் பின்னல் தட்டியும் போட்ட நடைவழிகள். அவற்றுக்கு நடுவே இது ஒன்றுதான் அரசனுடைய வேலைபோல இருக்கிறது. நீளவாக்கில் இரட்டைத் தடமாகக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்கே மூன்று மீட்டருக்கும் நீளமான ஓக் பலகைகள், பலகையின் முனையில் துளையிட்டு அடித்த முளைகள். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். அதற்கு அப்பால் ஒரு திடல், திடலைத் தாண்டி டெரகன் சதுப்பிலும் இதே காலத்துப் பாதை.

எனக்கு நெஞ்சு கனப்பது இங்கேதான். எந்திரம் இல்லாவிட்டால் பாதை தெரிந்திருக்காது. எந்திரம் இருந்ததால் பாதையில் பெரும்பகுதி அழிந்தும் போயிற்று. காப்பாற்றியது கொஞ்சம், மற்றதெல்லாம் துகளாகி மின் நிலையத்தில் எரிந்தது. 2,100 ஆண்டுகள் தண்ணீர் காத்ததை ஒரு தலைமுறையில் எரித்துவிட்டோம். அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நடந்தது இழப்பு என்பதைச் சொல்லத் தயங்கவும் மாட்டேன்.

லாங்ஃபோர்டு மீனா (மே 15)

கருங்குயில் அண்ணா, நீங்கள் சொன்னதைப் பெரியவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேலை எப்படி நடந்தது என்று சொல்லத் தொடங்கினார். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் பதினைந்து மீட்டருக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, ஆண்டுக்கணக்கில் நீரை வடிப்பார்களாம். நிலம் இறுகிய பிறகு, மேலே ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லிய தோலாகச் சுரண்டி, வெயிலில் புரட்டிப் புரட்டி உலர்த்தி, வரப்புபோல ஒதுக்கிச் சேர்ப்பார்கள். மழை வந்தால் எல்லாம் வீண். தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்தால் இரவுபகல் தூங்காமல் வேலை. ஒரு கோடையில் பத்துப் பன்னிரண்டு முறை அறுவடை. சதுப்புக்கு நடுவே போடப்பட்ட குறுகிய தண்டவாளத்தில் சின்ன ரயில், ஷானன் ஆற்றங்கரையில் லேன்ஸ்பரோ மின் நிலையம்வரை. 1958 முதல் அங்கே பீட் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். பழைய நிலையத்துக்குப் பதிலாக 2004-இல் புதிது வந்தது. 2020 டிசம்பரில் அதுவும் மூடப்பட்டது. அடுத்த மாதமே போர்ட் நா மோனா பீட் அறுவடையை முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது.

"எங்கள் ஊரில் ஆண்கள் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் அந்தச் சதுப்பு" என்றார். அவருடைய மூன்று பிள்ளைகளும் இப்போது டப்ளினில் இருக்கிறார்கள்.

நார்க்காரன் (மே 17)

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னை நார்த்தொழில் செய்கிறேன். இந்த உரையாடலுக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம், நேரடித் தொடர்பே இருக்கிறது. ஐரோப்பாவில் நாற்றுப்பண்ணைகளும் காளான் பண்ணைகளும் பீட்டைத்தான் காலங்காலமாகப் பயன்படுத்தின. பீட் வேண்டாம் என்ற பேச்சு எழுந்ததும் அதற்கு மாற்றாக எங்கள் தென்னை நார்த்துகளைக் கேட்கிறார்கள். கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறோம்.

மனசாட்சியோடு சொல்கிறேன், அந்தத் துகளின் உப்பை நீக்கக் கழுவும் தண்ணீர் எங்கள் நிலத்தடி நீரில்தான் இறங்குகிறது. கிணற்று நீர் பழுப்பாகிவிட்டது என்று பக்கத்து விவசாயிகள் வந்து நிற்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் இப்போது கழுவிய நீரைத் தார்ப்பாய் விரித்த குட்டையில் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறேன், எல்லோரும் செய்வதில்லை. ஓர் ஊரின் சதுப்பைக் காக்க இன்னோர் ஊரின் கிணறு கெடுவது எந்தக் கணக்கிலும் சரியாக வராது.

வண்டல் (மே 17)

நார்க்காரன் அண்ணா சொன்னதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. போர்ட் நா மோனா அறுவடையை நிறுத்துவதாக அறிவித்த அதே ஆண்டு, 2021 செப்டம்பரில், லாட்வியாவிலிருந்து 3,600 டன் பீட் ஒரே கப்பலில் ட்ரோகடா துறைமுகத்தில் வந்து இறங்கியது. 200 லாரிகளில் ஏற்றி வெஸ்ட்மீத் மாவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். தன் சதுப்பை மூடிவிட்டு அடுத்தவர் சதுப்பை வாங்குவது காப்பாற்றுவதாகாது.

உதகை தேவி (மே 19)

செடிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! மீனா, அங்கே அழுகண்ணி இருக்கிறதா? சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்று சொல்வோமே, இலையில் பனித்துளிபோலப் பசை நின்று பூச்சியைப் பிடிக்குமே, அந்த இனம் ஐரிஷ் சதுப்புகளிலும் உண்டு. வட்ட இலை வகை அங்கே மிகுதி. மழைநீரில் சத்து இல்லை, ஆகவே பூச்சியைத் தின்று நைட்ரஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் நீலகிரியிலும் புல்வெளிப் பள்ளங்களில் பீட் படிவு உண்டு. அதை ஆராய்ந்துதான் இங்கே பழங்காலத்தில் எப்போது காடு, எப்போது புல்வெளி என்று கண்டார்கள்.

லாங்ஃபோர்டு மீனா (ஜூன் 3)

தேவி அக்கா, தேடிப் பார்த்தேன். இருக்கிறது! குனிந்து முழங்காலிட்டால்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுகூட இல்லை. சிவந்த முடிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. ஒரு கொசு அதில் சிக்கியிருந்தது. ஆனால் இது வெட்டாத ஓரத்தில்தான். மெத்தைபோன்ற பாசி, செம்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பல நிறத்தில் அங்கே மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்திரம் போன இடத்தில் கறுப்பு மண்ணும் பர்ச் கன்றுகளும்தான்.

பெரியவர் இன்னொன்று சொன்னார். சிறுவனாக இருந்தபோது மார்ச் மாதம் விடியற்காலையில் கர்லியூவின் குரல் கேட்டுத்தான் எழுவாராம். நீண்டு வளைந்த அலகுள்ள பறவை. இப்போது எத்தனையோ ஆண்டாகக் கேட்கவில்லை என்றார்.

திணைமொழி (ஜூன் 3)

நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் கோட்டான் என்ற கரைப்பறவைதான் அது (ஆந்தையைச் சொல்லவில்லை), அதே இனம். அயர்லாந்தில் 1980-களில் ஆயிரக்கணக்கான இணைகள் கூடு கட்டின. 2015 முதல் 2017 வரை நடந்த கணக்கெடுப்பில் 138 இணைகளைத்தான் உறுதி செய்ய முடிந்தது. குளிர்காலத்தில் வெளியிலிருந்து கர்லியூக்கள் கூட்டமாக வருவதால், "இருக்கின்றனவே" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேயே பிறந்து வளர்பவைதான் அழிந்துகொண்டிருக்கின்றன. ஈரச் சதுப்பு போயிற்று, துண்டு துண்டான நிலத்தில் நரியும் காகமும் கூட்டை எளிதில் கண்டுபிடிக்கின்றன.

கருங்குயில் (ஜூன் 5)

அப்படியானால் வாய்க்கால்களை அடைத்துத் தண்ணீரைத் திரும்ப நிறுத்தினால் போதுமே? அதைச் செய்வதாகத்தானே படித்தேன், 33,000 ஹெக்டேர் என்று.

வண்டல் (ஜூன் 6)

செய்கிறார்கள், செய்ய வேண்டியதும்தான். உலர்ந்த பீட் கரியமில வாயுவைத் தொடர்ந்து வெளியே விடும், நனைத்தால் அது பெரும்பாலும் அடங்கும். ஆனால் 'பழையபடி' என்ற சொல்லை மட்டும் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மேலிருந்த ஐந்தாறு மீட்டர் பாசிப் பீட் போய்விட்டது. இப்போது மிஞ்சியிருப்பது அடியில் கிடந்த நாணல் பீட், அதற்கும் கீழே சுண்ணாம்புக் களிமண். அதில் நிலத்தடி நீர் கலக்கிறது. புளிப்பு நீரில் வாழும் ஸ்பேக்னம் அங்கே எளிதில் வராது. நாணல் வரும், வில்லோ வரும், பர்ச் காடு வரும், திறந்த நீர்ப்பரப்பில் வாத்தும் அன்னமும் வரும். அதாவது பத்தாயிரம் ஆண்டுக்கு முன் அந்த ஏரி தூரத் தொடங்கியபோது இருந்த நிலைக்குப் பக்கத்தில் போகிறது. அதுவும் அழகுதான், மதிப்புள்ளதுதான். ஆனால் அது வேறு நிலம். அயர்லாந்தில் 3,10,000 ஹெக்டேர் உயர்சதுப்பு இருந்தது. இன்று பாசி உயிரோடு வளர்ந்துகொண்டிருப்பது அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீனா அக்கா முழங்காலிட்டுப் பார்த்த அந்த ஓரம் எவ்வளவு அரிது என்பது இப்போது புரிகிறதா?

நார்க்காரன் (ஜூன் 6)

அந்தப் பெரியவர் வீட்டில் இப்போது எதை எரிக்கிறார்கள்?

லாங்ஃபோர்டு மீனா (ஜூன் 8)

டர்ஃப்தான் அண்ணா, கட்டிகளாக வெட்டி உலர்த்திய பீட். கையால் வெட்டும் உரிமை குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது, சொந்தப் பயன்பாட்டுக்கு வெட்டலாம். 2022 அக்டோபர் முதல் கடையிலும் இணையத்திலும் விற்கக் கூடாது. முன்பு 'ஷ்லான்' என்ற இறக்கை வைத்த மண்வெட்டியால் செங்கல்போல வெட்டி எடுத்தார்கள், இப்போது ஒப்பந்தக்காரரின் எந்திரம் பிழிந்து நீட்டிவிட்டுப் போகிறது. அதன் பிறகுதான் முதுகு ஒடியும் வேலை. ஐந்தாறு கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து, காற்றுப் போகும்படி சிறு கூம்பாக நிறுத்த வேண்டும். போன வாரம் நானும் போனேன். மாலையில் விரல்களை மடக்க முடியவில்லை. வயலோரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம், அடுத்த வரிசையில் வேலை செய்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு என்று எனக்குத் தெரியும், மருத்துவமனையில் அதைத் தினமும் பார்க்கிறேன். அவரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எண்ணெய்க்கு மாறப் பணம் வேண்டும், ஓட்டை உடைசலான பழைய வீட்டுக்கு வெப்பக் காப்பு போட அதைவிடப் பணம் வேண்டும். எழுபத்தாறு வயதுக்காரரிடம் "நிறுத்துங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வர என்னால் முடியாது.

கருங்குயில் (ஜூன் 8)

மே மாதம் நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். "எரித்துவிட்டோம்" என்று எழுதினேன். அந்தப் பன்மையில் மின்சாரத்தைப் பயன்படுத்திய டப்ளின்காரர்களும் இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

திணைமொழி (ஜூன் 9)

மீனாவின் முதல் கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதிலைச் சொல்கிறேன். அந்தப் பகுதியில் ஒரு பழங்கதை உண்டு. ஆர்டா என்ற ஊருக்குப் பக்கத்துக் குன்றில் வாழ்ந்த மிதிர் என்ற தேவகுலத்தான், ஓகி என்ற அரசனுக்காகச் சதுப்பின் குறுக்கே ஒரே இரவில் பாதை போட வேண்டியிருந்தது. வேலை நடக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அரசன் ஆள் அனுப்பிப் பார்க்கவைத்தான். அதனால் பாதை குறைபட்டுப் போயிற்று. எருதுக்கு நெற்றியில் கட்டாமல் தோளில் நுகம் வைப்பதை அந்த இரவில்தான் ஐரிஷ் மக்கள் கற்றார்கள் என்றும் கதை சொல்கிறது. ராஃப்டரி உள்பட ஆய்வாளர்கள் இதைக் கோர்லீயோடு சேர்த்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கதை எழுத்தில் ஏறியபோது பாதை மூழ்கிப் பல நூற்றாண்டு ஆகியிருந்தது.

சதுப்பில் பாதை போட்டவர்கள், அதைக் கதையாக வைத்திருந்தவர்கள், டர்ஃப் வெட்டியவர்கள், எந்திரம் ஓட்டியவர்கள், எல்லோரும் அந்த டவுன்லேண்டின் ஆட்கள்தான். பெரியவர் "நாங்கள் யார்?" என்று கேட்டாரே. எந்த வாய்க்கால் எங்கே வெட்டப்பட்டது, எந்தப் பக்கம் நீர் ஓடும், எங்கே களிமண் மேலே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அடைப்பதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

உதகை தேவி (ஜூன் 9)

இதை அவரிடம் சொல்லுங்கள் மீனா.

லாங்ஃபோர்டு மீனா (நவம்பர் 22)

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இரவுப் பணி அதிகம்.

சொன்னேன். அவருடன் வேலை செய்த சிலர் இப்போது வாய்க்கால் அடைக்கும் வேலையில் இருக்கிறார்களாம். முன்பு வெட்டிய அதே எந்திரத்தை ஓட்டி, பீட்டையே வாரி இறுக்கி அணை கட்டுகிறார்கள். தமக்கு முழங்கால் ஒத்துழைக்காது என்றார். ஆனால் போன ஞாயிறு அவரே காரில் என்னை அழைத்துப் போனார். கட்டடத்துக்குப் பக்கத்துச் சதுப்பைத் தாண்டி வெட்டிய பகுதிக்குப் போனோம். உள்ளே இருக்கும் பலகைகளுக்கு அப்பால், எடுக்காமல் விட்ட பாதை அந்தச் சதுப்புக்கு அடியில்தான் இருக்கிறது. அது உலர்ந்துவிடாமல் நிலத்தை ஈரமாகவே வைத்திருக்கிறார்கள்.

வெட்டிய பகுதியில் தண்ணீர் நின்றிருந்தது. நடுவில் அன்னங்கள், மஞ்சள் அலகுள்ளவை, ஐஸ்லாந்திலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. அவர் எண்ணினார், பதினேழு. நான் எண்ணினேன், பதினெட்டு. மறுபடி எண்ணினோம். காற்று அடித்தது, ஒன்று நாணலுக்குள் போய்விட்டது. "அந்த இடத்தில் 1987-இல் என் எந்திரம் புதைந்தது, இழுத்து எடுக்க இரண்டு நாள் ஆயிற்று" என்று அன்னங்கள் நீந்திய இடத்தைக் கைகாட்டினார்.

மார்ச்சில் விடியற்காலையில் மறுபடி வரலாம் என்று சொல்லியிருக்கிறார். கர்லியூ கேட்டால் எழுதுகிறேன்.